எந்தப் பணத்தில் தசமபாகம்? டெல்டா சபையார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை பக்கத்துச் சபைகளில் தசமபாகம், அதாவது வரவில் பத்தில் ஒன்றைக் கடவுளுக்குக் கொடுப்பது, என்று பேச்செடுத்தால், பிரசங்கத்தில் கேட்டதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. குத்தகை நெல், மொய்ப்பணம், சிங்கப்பூர்ச் சம்பளம், வட்டிக்காசு என்று கையில் இருக்கும் பணத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதனால் இங்கே கணக்குதான் அதிகம். வசனங்களுக்குப் பழைய மொழிபெயர்ப்பின் பெயர்களைக் கொடுத்திருக்கிறோம். கத்தோலிக்கர்கள் உபாகமத்தை இணைச்சட்டம் என்றும், தசமபாகத்தைப் பத்திலொரு பங்கு என்றும் மாற்றி வாசித்துக்கொள்ளலாம்.

தசமபாகம் கொடுத்தே தீரவேண்டுமா?

சபைக்குச் சபை பதில் வேறு. பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் கடமை என்றே போதிக்கின்றன. சி.எஸ்.ஐ.யிலும் தமிழ் லுத்தரன் சபையிலும் மாதச் சந்தாவும் காணிக்கையும்தான் நடைமுறை. பத்தில் ஒன்று அவரவர் தீர்மானம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 222ஆம் பிரிவு, திருச்சபையின் தேவைகளுக்கு உதவ விசுவாசிகள் கடமைப்பட்டவர்கள் என்கிறது. எவ்வளவு என்று சொல்லவில்லை.

வேதத்தில் ஆபிரகாம் மெல்கிசேதேக்குக்குக் கொடுத்தது (ஆதியாகமம் 14) மோசேயின் சட்டத்துக்கு முந்தியது. சட்டம் வந்த பிறகு அது ஆலயப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட லேவியருக்கு உரிய பங்கானது (எண்ணாகமம் 18). புதிய ஏற்பாட்டில் பவுல் பத்து, இருபது என்று கணக்குச் சொல்லாமல், விசனமாயும் கட்டாயமாயும் அல்லாமல் மனதில் நியமித்தபடி கொடுக்கச் சொல்கிறார் (2 கொரிந்தியர் 9:7). பத்து சதவீதத்தை நல்ல அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அதை வைத்து இன்னொருவரின் விசுவாசத்தை அளக்கக் கிளம்பினால்தான் தொல்லை.

நெல் விளைச்சலில் எதற்குப் பத்தில் ஒன்று? மொத்தத்துக்கா, செலவு போக மீதிக்கா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். சொந்த நிலக்காரருக்கும் குத்தகைக்காரருக்கும் ஒரே பதில் பொருந்தாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

இரண்டு ஏக்கர் சம்பா. ஏக்கருக்கு 40 கிலோ சிப்பம் 50 என்று வைத்தால் மொத்தம் 4,000 கிலோ, அதாவது 40 குவிண்டால். குவிண்டால் 2,400 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் வரவு 96,000. உழவு, நாற்றங்கால், நடவு, களை, உரம், மருந்து, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 32,000 என்றால் செலவு 64,000. மீதி 32,000. மொத்த வரவில் பத்தில் ஒன்று 9,600; மீதியில் என்றால் 3,200.

இதே நிலம் குத்தகை என்று வையுங்கள். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை பத்து என்று பேசியிருந்தால், இரண்டு ஏக்கருக்கு 1,200 கிலோ நிலக்காரருக்குப் போய்விடும். அதன் விலை 28,800. சாகுபடி செய்தவர் கையில் நிற்பது 3,200 ரூபாய்தான். அவரிடம் போய் மொத்த விளைச்சலுக்கு 9,600 கேட்டால், அவர் லாபத்தைப் போல மூன்று மடங்கு கேட்கிறோம் என்று அர்த்தம். கைமாற்று வாங்கித்தான் கொடுப்பார்.

உபாகமம் 14:22 வயலில் விளையும் எல்லாப் பலனையும் சொல்கிறது, உண்மை. ஆனால் அந்தச் சட்டம் கோத்திரத்துக்குக் கோத்திரம் நிலம் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டவர்களுக்குச் சொன்னது. நிலக்காரருக்குப் பத்து மூட்டை அளந்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப்போகிறவரை மனதில் வைத்துச் சொன்னதல்ல. எனவே எங்கள் கருத்து இது: சொந்த நிலமும் வேறு வருமானமும் உள்ளவர் மொத்தத்தில் கொடுக்க விரும்பினால் கொடுக்கட்டும். குத்தகைக்காரரும், விளைச்சலில் பங்கு பிரிக்கும் வாரத்துக்குப் பயிரிடுகிறவரும் மீதியில் கொடுத்தால் போதும்; அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டவருக்கு அந்த 1,200 கிலோவும் வருமானம். அவர் பங்குக்கு அவர் கொடுக்கவேண்டும். பல வீடுகளில் குத்தகை நெல் சாப்பாட்டுக்கு என்று நேராகக் குதிருக்குப் போய்விடுவதால் அது கணக்கிலேயே வருவதில்லை.

எதையெல்லாம் செலவாகக் கழிக்கலாம்?

விதை, உழவு, கூலி, உரம், மருந்து, மோட்டாருக்கு டீசல், இயந்திர வாடகை, களத்துக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் ஏற்றுகூலி, குத்தகை, பயிர்க்கடன் வட்டி, பயிர்க் காப்பீட்டுப் பிரீமியம் ஆகியவற்றைக் கழிக்கலாம். வண்டித் தவணை, பிள்ளைகள் படிப்புக் கட்டணம், வீட்டுச் செலவு ஆகியவற்றைக் கழிக்கக்கூடாது.

பலர் தவறுவது பயிர்க்கடனில். கூட்டுறவுச் சங்கத்தில் 60,000 கடன் வாங்கி உரமும் கூலியும் கொடுத்தாயிற்று. அறுவடை முடிந்ததும் அந்தச் செலவையும் கழிக்கிறார், சங்கத்துக்குத் திருப்பிக் கட்டிய 60,000த்தையும் கழிக்கிறார். ஒரே பணம் இரண்டு முறை கழிந்துவிடுகிறது. கடன் வாங்கியபோது அது வருமானம் அல்ல. அதனால் கட்டும்போது அது செலவும் அல்ல. வட்டியை மட்டும் கழிக்கவேண்டும்.

விட்டுப்போகும் வரவுகளும் உண்டு. வீட்டுச் சாப்பாட்டுக்கு எடுத்துவைத்த நெல்லும் விளைச்சல்தான். வைக்கோல் விற்ற பணம் இன்னொன்று. மூன்றாவது, சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு ஈரம் இருக்கும்போதே வயலில் தெளிக்கும் உளுந்தும் பச்சைப்பயறும். உழவு இல்லை, பெரிய செலவு இல்லை. வருவதில் பெரும்பகுதி லாபம். நெல்லுக்கு நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள்கூட உளுந்தைப் பெண்கள் பணம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அப்படியானால் அந்தப் பெண்களாவது அதில் பத்தில் ஒன்றை எடுத்துவைக்கலாமே.

பணமாக இல்லாமல் நெல்லாகவே கொடுக்கலாமா?

தாராளமாக. முதலில் இருந்ததே அதுதான். நெல்லை வைத்துக்கொண்டு பணமாகக் கொடுக்க விரும்பினால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது லேவியராகமம் 27:31. தூரத்தில் இருப்பவர் விற்றுப் பணமாகக் கொண்டுபோகவும் உபாகமம் 14 வழிவிடுகிறது.

நெல்லாகக் கொடுப்பதானால் சில விஷயங்களைப் பார்க்கவேண்டும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான் வழக்கமாக எடுப்பார்கள். இயந்திரத்தில் அறுத்த நெல்லை அப்படியே சாக்கில் கட்டிச் சபைக்கு அனுப்பினால், ஆலயத்துத் திண்ணையில் நான்கே நாளில் சூடேறிப் பூஞ்சாணம் பிடிக்கும். சேமித்து வைக்கும் நெல் 14 சதவீதத்துக்குள் காய்ந்திருக்கவேண்டும். கடித்தால் மாவாகாமல் சுள்ளென்று உடையவேண்டும். தூற்றிப் பதரும் கருக்காயும் நீக்கிக் கொடுங்கள். நிலையத்தில் தள்ளிவிட்ட மூட்டையைச் சபைக்குக் கொடுப்பது, கண் ஊனமானதைப் பலிக்குக் கொண்டுவந்ததாக மல்கியா முதல் அதிகாரம் சொல்லும் அதே காரியம்.

சபைப் பொருளாளர் சன்ன ரகத்தையும் மோட்டா ரகத்தையும் ஒரே குவியலாகக் கொட்டக்கூடாது. கலந்த நெல்லை வியாபாரி மோட்டா விலைக்குத்தான் கேட்பார். ரகம், எடை, தேதி எழுதிய சீட்டை ஒவ்வொரு சாக்கிலும் கட்டிவையுங்கள். கொடுத்தவர் பெயர் நோட்டில் இருந்தால் போதும், சாக்கின் மேல் வேண்டாம்.

அன்றாடம் உலையில் போடும் முன் எடுத்துவைக்கும் பிடி அரிசி இதில் சேராது. அது தனிக் காணிக்கை.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 2,000 ரூபாய்க்கு எடுத்தேன். அது தசமபாகத்தில் கழியுமா?

கடையில் 60 ரூபாய் விற்கும் காய் என்றால் 1,940 ரூபாய் காணிக்கை. அதைத் தசமபாகத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை ஏலம் கேட்கும் முன்பே மனதில் முடிவு செய்யுங்கள். வீட்டுக்குப் போய் அல்ல. அதைவிட முக்கியம், சொன்ன தொகையைக் கட்டுவது. ஏல பாக்கிப் பட்டியல் அடுத்த பண்டிகை வரை இழுக்காத சபை அபூர்வம்.

தாளடி நெல் மழையில் மூழ்கிவிட்டது. காப்பீடும் நிவாரணமும் வந்தன. அவற்றுக்கு?

போட்ட செலவு 50,000, விளைச்சலும் காப்பீடும் நிவாரணமும் சேர்ந்து வந்தது 35,000 என்றால் அது நஷ்டம். பத்தில் ஒன்று எடுக்க அங்கே எதுவும் இல்லை. செலவை மீறி வந்திருந்தால் மீறியதில் மட்டும் கொடுங்கள். உபாகமம் வருஷந்தோறும் என்று சொல்வதால் குறுவை, சம்பா அல்லது தாளடி, கோடை உளுந்து மூன்றையும் ஒரே வருடக் கணக்காகப் பார்க்கலாம். மேட்டூர் திறக்கும் ஜூன் 12 முதல் அடுத்த ஜூன் வரை என்று வைத்துக்கொண்டால் எளிது. குறுவை லாபத்தில் தாளடி நஷ்டம் கழியும். மூன்று வருடத்துக்கு முந்தைய புயலை இன்னும் கழித்துக்கொண்டிருப்பது சரியல்ல.

கூலி வேலைக்குப் போகிறோம். நூறு நாள் வேலை, மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய், முதியோர் பென்ஷன் இதிலெல்லாமா?

உழைத்து வாங்கும் கூலி வருமானம்தான். வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்துவைக்கச் சொன்ன பவுலின் முறை (1 கொரிந்தியர் 16:2) வாரக்கூலிக்காரருக்கு அளந்து தைத்த சட்டைபோலப் பொருந்தும். மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்க்கலாம் என்றால் எதுவும் மிஞ்சாது.

உதவித்தொகை வேறு விஷயம். மூன்றாம் வருடத் தசமபாகம் லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் என்று உபாகமம் 14:28-29 சொல்கிறது. விதவை அங்கே பெறுகிற இடத்தில் நிற்கிறாள். அவளாக இரண்டு காசு போட்டால் வாங்கிக்கொள்ளலாம். பென்ஷன் வந்ததா என்று கேட்டுப் பட்டியலில் பெயரைச் சேர்ப்பது எந்த ஊழியருக்கும் அழகல்ல.

மாதச் சம்பளக்காரருக்கு?

பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா, மொத்தத்திலா என்பது உங்கள் தீர்மானம். ஒரு முறை தீர்மானித்தால் மாற்றாதீர்கள். மொத்தச் சம்பளத்தில் கொடுத்து வந்தவர், ஓய்வு பெறும்போது வரும் சேமநிதியில் தம் பங்குக்கு மறுபடி கொடுக்கத் தேவையில்லை. வட்டிக்கும் நிறுவனம் கட்டிய பங்குக்கும் கொடுத்தால் போதும். கைக்கு வந்ததில் மட்டும் கொடுத்து வந்தவர் அப்போது முழுத்தொகையிலும் கொடுக்கவேண்டும். அகவிலைப்படி நிலுவை, விடுப்புச் சரண்டர், போனஸ் எல்லாம் சம்பளம்தான். சங்கத்துக்கும் சொசைட்டிக் கடனுக்கும் பிடிப்பது உங்கள் செலவு, அதைக் கழிக்காதீர்கள்.

படகில் போகிறவர்களுக்கு எப்படி?

டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மீதியைத்தான் படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிப்பார்கள். ஆள் பங்காகக் கைக்கு வந்ததில் பத்தில் ஒன்று. படகுக்காரர் தம் பங்கில் இயந்திரப் பழுது, வலைச் செலவு கழித்துக்கொள்ளலாம். குழம்புக்கு எடுத்துப்போகும் மீனை எண்ணவேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் வரும் நிவாரணம் அடுப்பெரியக் கொடுப்பது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சுருக்குமடி வலைக்குத் தமிழ்நாட்டில் தடை உண்டு. குஞ்சும் பொடியுமாக வாரி எடுத்தால் பக்கத்து ஊர்ப் படகுக்கு மீன் இருக்காது. அந்தப் பணத்தைப் பற்றிக் கீழே வருகிறது.

மகன் சிங்கப்பூரில், மருமகள் துபாயில். ஊர்ச் சபைக்கு நேரடியாக அனுப்பலாமா?

பாஸ்போர்ட்டைப் பாருங்கள். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர், தம் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டால், பூர்வீகம் கும்பகோணமே ஆனாலும், சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டார். அவர் அனுப்புவதை வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தில் பதிவுபெற்ற அமைப்புதான் வாங்கலாம். அதுவும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கு வழியாக மட்டும். பதிவில்லாத சிறிய சபை, போதகரின் சொந்தக் கணக்கில் வாங்கிக்கொள்வது குறுக்கு வழி. மாட்டிக்கொண்டால் போதகர் பதில் சொல்லவேண்டும். அந்த மகன் தாம் வாழும் ஊர்ச் சபையில் தசமபாகத்தைக் கொடுப்பதே நல்லது.

போவதற்காக ஏஜெண்டுக்குக் கட்டிய கடனின் வட்டியை, வேலைக்கான செலவு என்று கழிக்கலாம்.

மொய்ப்பணம் வருமானமா?

அல்ல, பெரும்பாலும் கடன். பேராவூரணிப் பக்கம் ஆடியில் நடக்கும் மொய் விருந்தானாலும், தஞ்சாவூரில் ஆலயத் திருமணத்துக்குப் பிறகு மண்டபத்தில் எழுதும் மொய்யானாலும் கணக்கு ஒன்றுதான். மூன்று லட்சம் வந்தது என்று வையுங்கள். நோட்டைப் பிரித்துப் பார்த்தால் அதில் 1,80,000 நீங்கள் முன்பு மற்றவர்களுக்குப் போட்டது திரும்பி வந்தது. அது ஏற்கெனவே தசமபாகம் கொடுத்த பணம். மீதி 1,20,000 இனி நீங்கள் திருப்பிச் செய்யவேண்டிய கடன். எனவே மொய் வந்த அன்று பத்தில் ஒன்று எடுக்கவேண்டியதில்லை. அந்தப் பணத்தைப் போட்டுக் கடை வைத்தால் கடையின் லாபத்தில் கொடுங்கள். தாய்மாமன் திரும்ப எதிர்பாராமல் செய்யும் சீர் மட்டும் அன்பளிப்பு. அதில் கொடுப்பது உங்கள் விருப்பம்.

ஒன்று சொல்லவேண்டும். ஏழைக்குக் கொடுக்கும் கடனுக்கு வட்டி வாங்காதே என்கிற யாத்திராகமம் 22:25க்கு, அடகுக்கடையைவிட மொய் நோட்டு எவ்வளவோ பக்கத்தில் நிற்கிறது.

சீட்டு, நகைக்கடன், நிலம் விற்ற பணம்?

20 பேர் மாதம் 5,000 கட்டும் லட்ச ரூபாய்ச் சீட்டில் நீங்கள் கட்டியது உங்கள் பணம். கழிவாக வந்தது மட்டும் வருமானம். முன்கூட்டியே தள்ளி எடுத்திருந்தால் அதுவும் இருக்காது. நகைக்கடன் கடன்தான். நிலத்தை விற்றால் வாங்கிய விலைக்கு மேல் கிடைத்த லாபத்தில் கொடுங்கள். நான்குவழிச் சாலைக்கு நிலம் போய் இழப்பீடு வந்து, அதில் வேறு நிலம் வாங்கினால் அது முதலுக்கு முதல், வருமானம் அல்ல.

தசமபாகமாக ஏற்கக்கூடாத பணம் என்று ஒன்று உண்டா?

உண்டு. வேசிப்பணத்தை ஆலயத்துக்குக் கொண்டுவராதே என்கிறது உபாகமம் 23:18. யூதாஸ் எறிந்துவிட்டுப் போன முப்பது வெள்ளிக்காசை, இரத்தக்கிரயம் என்று காணிக்கைப் பெட்டியில் போட மறுத்தார்கள் பிரதான ஆசாரியர்கள் (மத்தேயு 27:6). இயேசுவைக் கொல்ல அந்தக் காசைக் கொடுத்தவர்களே அவர்கள்தான் என்பது வேறு கதை.

நடைமுறையில் முதலில் கேட்கவேண்டியது: இந்தப் பணம் யாருடையது? லஞ்சம், திருட்டு, எடைக்கல்லில் அடித்தது, வரதட்சணை, அறுத்தவருக்குக் கொடுக்காமல் வைத்திருக்கும் கூலி இவையெல்லாம் உங்கள் கையில் இருந்தாலும் உங்கள் பணம் அல்ல. அடுத்தவர் பணத்தில் பத்தில் ஒன்றைக் கடவுளுக்குக் கொடுத்தால் மீதி ஒன்பது சுத்தமாகிவிடாது. முதலில் திருப்பிக் கொடுங்கள். லேவியராகமம் 6 சொல்வது முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி. அதாவது 5,000 வாங்கியிருந்தால் 6,000. அதன் பிறகுதான் பலி. சகேயு என்ற ஆயக்காரர் நாலத்தனை, அதாவது நான்கு மடங்கு கொடுப்பதாகச் சொன்னார்.

யாரிடம் வாங்கினோம் என்று தெரியவில்லை, அல்லது அவர் இறந்து வாரிசும் இல்லை என்றால்? எண்ணாகமம் 5:8 அதற்கும் வழி சொல்கிறது: வாங்கிக்கொள்ள இனத்தான் இல்லாவிட்டால் அது கர்த்தருக்கு, ஆசாரியன் கையில். இன்று அதைச் செய்வதானால் முழுத்தொகையும் போகவேண்டும், பத்தில் ஒன்று அல்ல. தசமபாகக் கவரில் போடாமல், ஏழைகளுக்கான நிதியில், பெயர் வாசிக்காமல், கல்வெட்டு இல்லாமல்.

கூலி பாக்கியைத் தனியாகச் சொல்கிறோம். வயல்களை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 எழுதியதை இந்த ஊரில் விளக்கவேண்டியதே இல்லை. நடவுக்கும் களைக்கும் வந்த பெண்களுக்குப் பணம் வந்ததும் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, கொள்முதல் பணம் வங்கியில் ஏறிய அன்றே சபைக்குக் கவர் எடுத்துப்போனால் வரிசை மாறிவிட்டது. கூலி முதலில்.

அரசு மதுக்கடையில் விற்பனையாளர். சம்பளத்தில் தசமபாகம் ஏற்கப்படுமா?

சட்டப்படி உழைத்து வாங்கும் சம்பளம். பெரும்பாலான சபைகள் ஏற்கின்றன; சில சபைகள் வேலையை விடச் சொல்லும், ஆனாலும் காணிக்கையைத் திருப்பி அனுப்புவதில்லை. எங்கள் கருத்தில் அந்தக் குடும்பத்தைக் கவர் விஷயத்தில் அவமானப்படுத்துவது தவறு. அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கும் காசு மட்டும் சம்பளம் அல்ல, அது வாங்கியவனுடையது. காரைக்காலில் விலை குறைவு என்று பாட்டில் கடத்திவந்து மயிலாடுதுறையிலும் திருவாரூரிலும் விற்கும் பணமும், கள்ளச்சாராயப் பணமும் வேண்டவே வேண்டாம்.

வட்டி வருமானம்?

வங்கி வட்டி, தபால் நிலைய வட்டி பிரச்சினையில்லை. காசுக்காரர் கையில் போட்டு வைத்தால் வட்டியோடு வாங்கியிருப்பேன் என்ற வார்த்தை மத்தேயு 25:27இல் இருக்கிறது. நூற்றுக்கு மாதம் மூன்று வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம்; பத்து வட்டி என்றால் 120. நடவு நேரத்தில் அவசரத்துக்கு வாங்கியவரிடம் இதை வசூலித்துத் தசமபாகம் கொண்டுவந்தால், கொடுத்தவர் உண்மையில் அந்தக் குத்தகைக்காரர்தான். 2003ஆம் ஆண்டு முதல் கந்துவட்டிக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. வட்டியைக் குறையுங்கள், அதிகமாக வாங்கியதை அசலில் கழியுங்கள், பிறகு பேசலாம்.

கொள்ளிட மணல், இறால் குட்டை, லாட்டரி, ரம்மி?

அனுமதியில்லாமல் இரவில் அள்ளிய மணல் திருட்டு. ஆற்றை உடைத்து, கரையோரத்து ஆழ்குழாய் மட்டத்தை இறக்கி வந்த பணம். சுருக்குமடிப் பணமும் இதே வரிசை. லாரிக்கு டிரைவராகத் தினக்கூலிக்குப் போனவரை ஒப்பந்தக்காரரோடு ஒரே தராசில் வைக்கவேண்டாம். ஆனாலும் வேறு வேலை தேடச் சொல்லுங்கள்.

இறால் வளர்ப்பு தொழில்தான். பதிவுபெற்ற பண்ணையின் லாபத்தில் தாராளமாகக் கொடுக்கலாம். நாகைப் பகுதிப் பண்ணைகளால் எழுந்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு விஷயம் போனதற்குக் காரணம், குட்டையின் உப்புநீர் பக்கத்து நெல்வயலிலும் குடிநீரிலும் இறங்கியது. உங்கள் குட்டையால் பக்கத்து வயல் வெந்துபோயிருந்தால் அந்த நஷ்டஈடு உங்கள் செலவுக் கணக்கில் முதல் வரி.

லாட்டரி இங்கே 2003 முதல் இல்லை. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025இல் நாடாளுமன்றம் தடை செய்தது. ஜெயித்தவர் காணிக்கையோடு வந்தால், தோற்றவர்களில் ஒருவர் அடுத்த பெஞ்சில் இருக்கக்கூடும் என்பதைப் பொருளாளர் நினைக்கட்டும்.

தசமபாகம் கொடுத்தால் பல மடங்கு திரும்ப வருமா?

மல்கியா 3:10 பண்டசாலையில் ஆகாரம் இருக்கும்படி என்று ஒரு முழு ஜனத்தைப் பார்த்துச் சொன்னது. விதைத்தால் முப்பது மடங்கு என்று சொல்லிக் கடன் வாங்கியாவது கொடு என்று கேட்கிற இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள். இருக்கிறபடிதான் ஏற்கப்படும், இல்லாதபடி அல்ல என்பது 2 கொரிந்தியர் 8:12.

ரசீதும் வரிச்சலுகையும்?

ரசீது கேளுங்கள். 80ஜி என்று பழகிப்போன வருமானவரிக் கழிவு, அதற்கான சான்று பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்குக் கிடையாது. ஒரு மதத்தாருக்கென்று மட்டும் உள்ள ஆலய அமைப்புக்குப் பொதுவாக அந்தச் சான்று இருக்காது.

சபையாக, சந்தேகமான ஒரு பெரிய தொகை வந்தால் என்ன செய்வது?

உடனே பெட்டியில் போடாதீர்கள், உடனே மறுக்கவும் வேண்டாம். போதகரும் பொருளாளரும் சேர்ந்து, வேறு யாரும் இல்லாத நேரத்தில் அவரிடம் போய்க் கேளுங்கள்: இது எந்த வரவு? உரியவர் யாராவது இருக்கிறாரா? இருந்தால் அவருக்குக் கொடுக்கச் சொல்லித் திருப்பித் தாருங்கள். கூடப் போகத் தேவைப்பட்டால் போங்கள். பதில் வரும்வரை தொகையைக் கவரோடு முத்திரையிட்டு, இருவர் கையெழுத்தோடு இரும்புப்பெட்டியில் வையுங்கள். வங்கியில் போட்டால் அது ஏற்றுக்கொண்டதாகிவிடும். கட்டட வேலை நடக்கும் வருடத்தில் வரும் பெரிய கவரை இன்னும் கவனமாகப் பாருங்கள். சிமெண்டு விலை ஏறிக்கொண்டிருக்கும்போது கேள்வி கேட்க யாருக்கும் நாக்கு வராது.